கொள்ளைநோயும் தொழில் திறத்தலின் அறமும்

கொள்ளைநோய் பரவும் காலத்தில் ஊரை மூடுதல் ஓர் ஆணையால் நிறைவேறிவிடும். மூடிய ஊரை மீளத் திறத்தலோ அத்துணை எளிதன்று. எந்தத் தொழிலை முதலில் திறப்பது, யாரை முதலில் வெளியே அனுப்புவது, அவ்வாறு செல்வோருக்கு நேரக்கூடிய தீங்கிற்கு யார் பொறுப்பேற்பது என்னும் வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. இவற்றுள் முதலாவது மருத்துவ அறிவியலின் துணையுடன் விடை காணத்தக்கது. ஏனைய இரண்டும் அறவியலுக்கு உரியவை. 2020, 2021 ஆம் ஆண்டுகளிலே கொவிட்-19 தொற்றின்போது இலங்கை பெற்ற அனுபவத்தை, வன்னிப் பெருநிலப்பரப்பின் ஓர் ஊரை நிலைக்களனாகக் கொண்டு நோக்கி, இவ்வினாக்களை ஆராய்தல் இங்கு நோக்கமாகும்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைத்துறைப்பற்றுப் பிரதேசத்திலே, நந்திக்கடற் களப்பின் ஓரமாக அமைந்துள்ளது வற்றாப்பளை. கண்ணகி அம்மன் ஆலயத்தினால் ஈழமெங்கும் அறியப்பட்ட ஊர் அது. ஒருபுறம் வயல், மறுபுறம் களப்பு. அவ்வூராரினதும் அயலூராரினதும் வாழ்க்கை பெரும்பாலும் வானத்தின் கீழேயே நடைபெறுகின்றது. உழுதல், விதைத்தல், களை பிடுங்கல், மாடு மேய்த்தல், களப்பிலே வலை வீசுதல், தெருவோரத்திலே சிறுகடை வைத்தல் ஆகிய யாவும் திறந்தவெளித் தொழில்கள். 2009 ஆம் ஆண்டில் நந்திக்கடலும் அதன் சூழலும் போரின் இறுதிக்களமாயின. மக்கள் இடம்பெயர்ந்து, முகாம்களில் வாழ்ந்து, பின்னர் மீளக் குடியேறி, தொழில்களை அடியிலிருந்து தொடங்கினர். ஆதலின் நாளாந்த வருமானம் நின்றுவிடின் தாங்கி நிற்பதற்கான சேமிப்பு பலரிடம் இல்லை. நுண்கடனுக்கு வாரந்தோறும் தவணை செலுத்தவேண்டிய குடும்பங்கள் வன்னியெங்கும் பல. இத்தகைய ஓர் ஊரிலே தொழிலை மூடுதலும் திறத்தலும் என்ன பொருள் தருகின்றன என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடு முழுவதற்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. காலபோக அறுவடையின் நெல்லை விற்கவும் சிறுபோகத்திற்கு நிலத்தைப் பண்படுத்தவும் வேண்டிய காலம் அது. வேளாண்மையையும் மீன்பிடியையும் ஊரடங்கு வேளையிலும் தொடரலாம் என அரசாங்கம் அறிவித்தது. உணவு உற்பத்தி தடைப்படலாகாது என்னும் தேவையும், வெளியிலே தொழில் செய்வோருக்கு ஆபத்துக் குறைவு என்னும் எண்ணமும் அம்முடிவுக்கு இசைவாய் இருந்தன. ஏப்பிரல் மாதத்தின் பிற்பகுதியிலிருந்து ஊரடங்கு படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, ஜூன் 28 ஆம் திகதி முற்றாக நீக்கப்பட்டது. மேலோட்டமாக நோக்குவோருக்கு வன்னிக் கமக்காரனும் மீனவனும் இக்காலத்திலே சலுகை பெற்றவர்களாகவே தோன்றுவர். எனினும், ‘வயலுக்குப் போகலாம்’ என்ற அனுமதியும் வயலால் வாழ முடியும் என்ற நிலையும் ஒன்றல்ல.

முதலில் அறிவியற் பகுதியைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நன்று. திறந்தவெளியிலே இந்நோய் தொற்றும் வாய்ப்பு, மூடிய இடங்களிலும் பார்க்க மிகக் குறைவு. 2020 இன் தொடக்கத்தில் யப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட ஆரம்பகட்டக் கணிப்பொன்றிலே, நோயுற்ற ஒருவர் மூடிய சூழலில் பிறருக்கு நோயைக் கடத்துவதற்கான வாய்ப்பு விகிதம் திறந்த சூழலில் உள்ளதிலும் 18.7 மடங்கு எனக் காட்டப்பட்டது. மூடிய இடம், நெருங்கிய கூட்டம், அணுக்கமான உரையாடல் ஆகிய மூன்றையும் தவிர்க்குமாறு யப்பானிய அரசு மக்களுக்கு அறிவுறுத்தியது. இம்மூன்றில் ஒன்று மட்டுமே கூரையையும் சுவரையும் பற்றியது. ஏனைய இரண்டும் மனிதர் கூடும் முறையைப் பற்றியவை என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

கூடும் முறையின் முக்கியத்துவத்திற்குத் தமிழகமே சான்று தருகின்றது. சென்னை கோயம்பேட்டுச் சந்தை 2020 மே மாதத் தொடக்கத்திலே பெருந்தொற்றின் ஊற்றாயிற்று. மே 5 ஆம் திகதி அது மூடப்பட்டு, காய்கறி மொத்த வாணிகம் நகருக்கு வெளியே திருமழிசைக்கு மாற்றப்பட்டது. காற்றோட்டம் மிகுந்த சந்தையிலும் வணிகரும் சுமைதூக்குவோரும் கொள்வோரும் தோளோடு தோள் நெருங்கி நிற்கும்போது வானம் பாதுகாப்பளிப்பதில்லை. இலங்கையிலும் 2020 ஒக்டோபரிலே பேலியகொடை மீன்சந்தையிலிருந்து தொற்றுப் பல மாவட்டங்களுக்கும் பரவியது.

இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துவது யாது? தொழில் என்பது ஓர் இடமன்று. அது ஒரு தொடர். வயலில் நால்வர் எட்டி எட்டி நின்று களை பிடுங்குவதால் ஆபத்தொன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அந்நால்வரும் வேறு பதின்மரோடு உழவு இயந்திரப் பெட்டியிலே நெருங்கியமர்ந்து வயலை அடைகின்றனர். ஒரே வாளித் தண்ணீரை ஒரே குவளையால் பருகுகின்றனர். களப்பிலே தோணியில் இருவர் இருப்பது தீங்கற்றது. கரையிலே மீனைக் கூறி விற்கும் வேளையில் ஐம்பதுபேர் குழுமுவது தீங்குடையது. எனவே ‘வெளித்தொழில் பாதுகாப்பானது’ எனப் பொதுப்படக் கூறித் திறந்துவிடுதல் ஒரு பிழை. ‘தொற்றுப் பரவுகின்றது’ எனப் பொதுப்படக் கூறி எல்லாவற்றையும் மூடிவிடுதல் மற்றொரு பிழை. இரண்டும் தொழிலை உற்று நோக்காமையின் விளைவுகளேயாம்.

உற்று நோக்காத கட்டுப்பாடு சில வேளைகளில் தான் தடுக்க முனைந்த தீங்கையே வளர்த்துவிடுகின்றது. 2020 மார்ச் 24 ஆம் திகதி பல மாவட்டங்களில் ஊரடங்கு சில மணிநேரத்திற்குத் தளர்த்தப்பட்டபோது, கடைகளின் முன்னே மக்கள் அலையெனத் திரண்டனர். ஒரு நாள் முழுவதும் சிறுகச் சிறுக வந்து செல்லக்கூடியவர்களைச் சில மணிநேரத்துள் அடைத்தால் கூட்டம் உண்டாதல் இயல்பு. திறக்கும் நேரத்தைக் குறைத்தல் எச்சரிக்கைபோலத் தோன்றும். நெருக்கத்தைக் கூட்டும் அளவுக்கு அது எச்சரிக்கையின்மையே ஆகும். பலருக்கும் உரிய நேரத்தை விரித்து, இடத்தையும் விரித்து வழங்குவதே நோயியலுக்குப் பொருந்திய வழி.

2021 ஆம் ஆண்டு இதனை இன்னும் தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு மே மாத நடுப்பகுதியில், புதுக்குடியிருப்புப் பகுதி ஆடைத்தொழிற்சாலை ஒன்றின் பணியாளர் பலருக்குத் தொற்று உறுதிசெய்யப்பட்டது. அதனையடுத்து முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை ஆகிய பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. தொற்றுத் திரண்ட இடம் கூரையின் கீழுள்ளது. அடைபட்டவர்களுள் மிகப் பலர் வெளியிலே தொழில் செய்பவர்கள். தொற்று வெளிப்பட்டபின் பகுதியை அடைத்தல் தவிர்க்க இயலாததாக இருந்திருக்கலாம். ஆயின், எத்தொழிலைத் தொடர விடுவது என்பதை அத்தொழிலின் ஆபத்தளவு தீர்மானித்ததா, அல்லது அத்தொழிலின் பின்னே நிற்பவரின் பொருளாதார வலிமை தீர்மானித்ததா என்னும் வினாவை எழுப்பாமல் இருக்க முடியாது. ஏற்றுமதியால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவை என்பது உண்மை. அதேவேளை, தெருவோரத்திலே வெள்ளரிப்பழம் விற்கும் பெண்ணுக்கும் அன்றைய அரிசி தேவை என்பதும் உண்மை. முன்னையதன் குரல் அமைச்சரவை வரை எட்டும். பின்னையதன் குரல் வீதித்தடையைக் கூடத் தாண்டாது.

இனி அறவியற் பகுதிக்கு வருவோம். ‘உயிரா, தொழிலா?’ என்ற வடிவிலேயே இவ்விவாதம் எங்கும் நிகழ்ந்தது. உயிரே முதன்மையானது என்போரின் வாதம் வலிமையுடையது. இறந்தவனுக்குத் தொழிலால் பயனில்லை; பெருநகரங்களில் உள்ள அளவு வைத்திய வசதி இல்லாத முல்லைத்தீவு போன்ற மாவட்டத்திலே தொற்றுப் பெருகுமாயின் முதியோர் பலர் மாள்வர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. ஆனால் அது ஓர் எடுகோளை மறைவாகக் கொண்டுள்ளது: வீட்டிலிருப்பவன் உயிரோடிருப்பான் என்பதே அவ்வெடுகோள். மாதச் சம்பளம் வங்கிக்கு வந்து சேரும் குடும்பத்திற்கு இது பொருந்தும். அன்றன்று உழைத்து அன்றன்று உண்ணும் குடும்பத்திற்கு வீட்டிலிருத்தலும் உயிருக்கு ஆபத்தானதே. அவ்வாபத்து மெல்ல வருவதால் எண்ணிக்கையில் இடம்பெறுவதில்லை.

பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1981 இல் வெளியான தமது நூலில், பஞ்சங்கள் பலவற்றிலே உணவு இல்லாமையால் அன்றி, உணவைப் பெறும் உரித்து இழக்கப்பட்டமையாலேயே மக்கள் மாண்டனர் என நிறுவினார். கடையிலே அரிசி இருந்தது; கூலியாளின் கையிலே பணம் இல்லை. ஊரடங்குக் காலத்து வன்னிக்கும் இவ்விளக்கம் பொருந்தும். 2020 ஏப்பிரல், மே மாதங்களிலே வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ரூபா 5,000 உதவுதொகை வழங்கப்பட்டது. முப்பது நாள்களுக்குப் பங்கிட்டால் ஒரு குடும்பத்திற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூபா 167 வரும். உதவியின் நோக்கம் நல்லதே. எனினும், பொதுநன்மைக்காகத் தொழிலைக் கைவிடுமாறு ஒருவரைப் பணிக்கும் சமுதாயம் அவருக்குத் திருப்பித் தரவேண்டிய அளவு இதுதானா என்பது ஐயத்திற்குரியது.

தனிமனித சுதந்திரம் பற்றி 1859 இல் எழுதிய யோன் ஸ்டுவாட் மில், ஒருவரின் செயலைத் தடுப்பதற்கு நியாயமான காரணம் அச்செயலால் பிறருக்கு வரும் தீங்கே என வாதிட்டார். இதன்படி, காய்ச்சலோடு வேலைக்குச் செல்பவனைத் தடுப்பது முறையே. 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் 2020 ஒக்டோபரில் வெளியிடப்பட்ட ஒழுங்குவிதிகளும் முகக்கவசத்தையும் ஒரு மீற்றர் இடைவெளியையும் கட்டாயமாக்கின. ஆனால் மில்லின் தத்துவம் தெரிவு செய்யக்கூடிய மனிதனை முன்னிறுத்துகின்றது. காய்ச்சலை மறைத்து வயலுக்கு வரும் கூலியாள் தனது சுதந்திரத்தை அனுபவிப்பவன் அல்லன். நோயைச் சொன்னால் பதினான்கு நாள் கூலி போகும், அயலார் விலகுவர், வீட்டின் வாயிலிலே அறிவித்தல் ஒட்டப்படும். உண்மை சொல்வதன் விலையை அவன் ஒருவனே செலுத்த வேண்டியிருக்கும்போது, உண்மை சொல்லவில்லை என்று அவனை மட்டும் பழித்தல் நீதியாகாது. நோயாளி துணிந்து நோயைச் சொல்லக்கூடிய நிலையை உண்டாக்காமல் தொழிலைத் திறக்கும் சமுதாயம், அவன் பொய்யுரைப்பதற்குரிய காரணத்தைத் தானே வழங்குகின்றது.

இவ்விடத்திலே யோன் றோல்ஸ் 1971 இல் முன்வைத்த சிந்தனைச் சோதனை பயன்படும். சமுதாயத்திலே தமக்குரிய இடம் எதுவென அறியாத நிலையில் மனிதர் கூடி விதி வகுப்பின், எவ்விதியை ஏற்பர் என அவர் வினவினார். தான் அரச அலுவலரா, களப்பு மீனவரா, நீரிழிவால் வருந்தும் முதியவரா, ஆடைத்தொழிற்சாலைப் பெண்ணா என அறியாத ஒருவர், எத்தகைய திறப்பு விதிக்கு உடன்படுவார்? முழு அடைப்புக்கு அவர் உடன்படார். மீனவராய் இருத்தல் கூடும். கட்டுப்பாடற்ற திறப்புக்கும் உடன்படார். முதியவராய் இருத்தல் கூடும். ஆபத்துக் குறைந்த தொழிலை முதலில் திறந்து, எஞ்சும் ஆபத்தின் செலவை எல்லோரும் பகிர்ந்து கொள்ளும் விதிக்கே அவர் உடன்படுவார்.

இக்கருத்தை வற்றாப்பளையின் வைகாசிப் பொங்கல் நன்கு விளக்கும். ஆண்டுதோறும் வைகாசி மாதத்துத் திங்கட்கிழமையொன்றில் நிகழும் அப்பொங்கலுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அடியார்கள் பெருந்திரளாக வருவர். முல்லைத்தீவுக் கடலிலிருந்து எடுத்துவரப்படும் உப்புநீரிலே விளக்கெரிவது அங்குள்ள மரபு. ஆலயச் சூழலிலே நூற்றுக்கணக்கில் தற்காலிகக் கடைகள் எழும். கச்சான், இனிப்பு, வளையல், பாத்திரம், விளையாட்டுப்பொருள் விற்போர் பலர் அந்நாள்களின் வருவாயை நம்பியே கடன்பட்டுச் சரக்கெடுப்பர். 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் பொங்கல் பெருந்திரளின்றி, மட்டுப்படுத்தப்பட்டோருடன் நடைபெற்றது. மரபு அறவில்லை. தீர்த்தம் எடுக்கப்பட்டது, விளக்கு எரிந்தது, அடியார்கள் தத்தம் வீடுகளிலிருந்து கைகூப்பினர். அம்முடிவு சரியானதே என்பதிலே ஐயமில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை நோக்குக. வழிபாட்டைச் சிலர் பலருக்காகச் செய்ய இயலும். பொங்கற் பானையைச் சிலர் ஏற்றினாலும் அது ஊர் முழுவதன் பொங்கலாகின்றது. தொழிலுக்கு இப்பண்பு இல்லை. ஒருவர் கடை வைத்தால் மற்றவர் வீட்டு அடுப்பு எரிவதில்லை. ஒருவர் உண்டால் மற்றவர் பசி ஆறுவதில்லை. எனவே ‘ஆலயமே கட்டுப்பட்டபோது கடைக்காரர் கட்டுப்படலாகாதா?’ எனக் கேட்பது பொருந்தாத ஒப்பீடாகும். அடியார் இழந்தது ஓராண்டின் தரிசனம். அதனை மனத்தால் நிறைத்துக் கொள்ளலாம். கடைக்காரர் இழந்தது ஓராண்டின் வருவாய். அதனை நிறைக்கப் பிறர் கைகொடுத்தாலன்றி வழியில்லை. எல்லோர் நலனுக்காகவும் ஒருவர் தொழிலை நிறுத்தும்போது, அந்நிறுத்தம் எல்லோருக்கும் அவர் செய்யும் சேவையாகின்றது. சேவைக்கு ஊதியம் உண்டு. அதனைத் தருமம் என்று பெயரிட்டு வழங்குதல், கொடுப்பவரை உயர்த்தி உழைப்பவரைத் தாழ்த்துவதாகும்.

அச்சத்தினால் விளையும் இழப்பும் இவ்வாறே பகிரப்படவேண்டியது. பேலியகொடைத் தொற்றின்பின் மீனாலேயே நோய் பரவும் என்ற அச்சம் நாடெங்கும் எழுந்து, மீன் விற்பனை வீழ்ந்தது. 2020 நவம்பரிலே, கடற்றொழில் அமைச்சில் முன்னர் பதவி வகித்த அரசியல்வாதி ஒருவர் செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். நோய் மீனில் இல்லை, சந்தை நெருக்கத்தில்தான் இருந்தது. ஆயினும் ஒரு நோயாளியையும் கண்டிராத கரைகளின் மீனவர்களும் அந்த அச்சத்தின் விலையைச் செலுத்தினர். தெளிவான விளக்கத்தைக் காலத்தே வழங்குவதும் பாதுகாப்பான திறப்பின் ஓர் உறுப்பே என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

இதுவரை கூறியவற்றிலிருந்து, நீதியான திறப்புக்கு இன்றியமையாதன சிலவற்றைத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, தொழிலின் தொடர் முழுவதையும் ஆராய்ந்து, ஆபத்துள்ள கணுவை மட்டும் மாற்றுதல். வயலை மூடவேண்டியதில்லை, வயலுக்குச் செல்லும் வாகனத்தில் ஏறுவோர் தொகையைக் குறைத்து, கூடுதலான பயணத்தின் செலவை யார் ஏற்பது என்பதைத் தீர்மானித்தல் வேண்டும். மீன்பிடியை நிறுத்தவேண்டியதில்லை, கரையிலே மீன் கூறும் இடங்களையும் நேரங்களையும் பலவாக்குதல் வேண்டும். இரண்டாவது, நோயுற்றவர் கூலியிழக்காமல் ஒதுங்கியிருக்க வழிசெய்தல். இதற்கு ஆகும் செலவு, ஒரு பகுதி முழுவதையும் அடைப்பதால் ஏற்படும் செலவோடு ஒப்பிடச் சிறிதேயாகும். மூன்றாவது, எந்நிலையில் மீண்டும் மூடப்படும் என்பதை முன்கூட்டியே அறிவித்தல். திடீரென வரும் ஆணை, வலை வீசியவனையும் விதை தூவியவனையும் நடுவழியில் நிறுத்திவிடும். நான்காவது, கமக்காரர் அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு ஒரே மேசையில் அமர்ந்து விதி வகுத்தல். எந்தக் கரையில் எவ்வேளை கூட்டம் கூடும் என்பதை அக்கரையில் நிற்பவனே நன்கறிவான்.

இவையெல்லாம் இலட்சியவாதம் எனச் சிலர் கூறலாம். வறிய நாட்டிலே இத்தனை நுணுக்கத்திற்கு ஆளும் பொருளும் ஏது என அவர்கள் வினவுவர். இவ்வினாவில் உண்மை உண்டு. 2020 இலும் 2021 இலும் சுகாதார ஊழியர் தம் வலிமைக்கு மேற்பட உழைத்தனர் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் நுணுக்கமற்ற ஆணைக்கும் ஒரு விலை உண்டு. அதனைச் செலுத்துவோர் அரச கணக்கேட்டில் இல்லாதவர்கள் ஆதலின் அது மலிவானதாகத் தோன்றுகின்றது. வட்டிக்கு வாங்கிய கடனிலும், அடைவு வைத்த தோட்டிலும், பள்ளியை இடையில் விட்ட பிள்ளையின் படிப்பிலும் அவ்விலை எழுதப்பட்டிருக்கின்றது. வறுமை கணக்கைச் சுருக்குவதற்குக் காரணமாகலாம்; கணக்கை மறைப்பதற்குக் காரணமாதல் கூடாது.

வற்றாப்பளையிலே குடிகொண்டிருப்பவள் கண்ணகி. மதுரையிலே நீதி கேட்டவள் ஈழத்திற்கு வந்து இளைப்பாறிய இடம் அது என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. அம்மை முதலிய நோய்களைத் தணிப்பவளாகவும் அவளை மக்கள் வழிபடுகின்றனர். நோய் தீர்க்கும் தெய்வமும் நீதி கேட்ட பெண்ணும் ஒருவராகவே நம் மக்களின் உள்ளத்தில் இடம்பெற்றமை சிந்தனைக்குரியது. பாண்டியன் கொடியவனாகக் காட்டப்பட்டவன் அல்லன், ஆராயாது ஆணையிட்டவன். அவ்வாணையால் யாருக்கு என்ன நேரும் என ஒருகணம் வினவியிருப்பின் ஒரு குடும்பமும் ஒரு நகரமும் பிழைத்திருக்கும்.

இன்னொரு கொள்ளைநோய் வாராது என எவரும் உறுதி கூற இயலாது. வருமாயின், மீண்டும் ஊர்கள் மூடப்படும், மீண்டும் திறக்கப்படும். அப்போது வயலுக்கும் களப்புக்கும் முதலில் செல்பவர்கள் இம்முறை சென்றவர்களே ஆவர். அவர்கள் சுமக்கும் ஆபத்தில் மற்றையோரின் பங்கு என்ன என்பதை நோய் வருமுன்னரே தீர்மானித்து வைப்பது கற்றோரின் கடனாகும்.